மலையை விரும்புவோர் எங்கே குடியிருப்பது?

நகரத்தில் தொழில் செய்து வாழ வேண்டியவரும், ஓய்வு நாள் வாய்த்தால் மலையையும் காட்டையும் ஏரிக்கரையையும் நாடிச் செல்லும் இயல்புடையவருமாகிய ஓர் இல்லறத்தார், தம் வீட்டை எங்கே அமைத்துக் கொள்வது முறை? இது மனைத் தரகரிடம் கேட்க வேண்டிய வினா. அறநூல்களுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். சிராவகனுக்குரிய பன்னிரண்டு விரதங்களைச் சற்றே நினைவுகூர்ந்தால் அவ்வெண்ணம் நில்லாது. எவ்வளவு வைத்துக்கொள்வது, எவ்வளவு நுகர்வது, எத்திசையில் எவ்வளவு தொலைவு செல்வது என்பன எல்லாம் அங்கே அறத்தின் பகுதிகளாகவே எண்ணப்பட்டுள்ளன.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலுள்ள நம் ஊர்களை விட்டுச் சென்னைக்கு வந்த முன்தலைமுறையினர் வீடு தேடியபோது மூன்றே செய்திகளைக் கேட்டார்கள்: உறவினர் அருகில் இருக்கின்றனரா, பள்ளிக்கூடம் உண்டா, இரயில் நிலையம் எவ்வளவு தூரம். இன்று நம் இளைஞர் பலரிடம் நான்காவது ஒரு வினாவும் சேர்ந்திருக்கிறது. அவர்கள் முதுகுப் பையும் கூடாரமும் தொலைநோக்கியும் வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் திரையரங்கை நாடாமல் குன்றின் மீது ஏறிப் பறவைகளைப் பார்த்து வருகிறார்கள். இது நல்ல பழக்கம் என்பதே என் கருத்து. அதைப் பழித்துரைப்பதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை.

அத்தகைய இளைஞர் ஒருவர் மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு வந்து என் கருத்தைக் கேட்டார். முதலாவது, வண்டலூர்ப் பக்கம் காப்புக்காட்டை ஒட்டிய மனை. இரண்டாவது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் பலகணி வைத்துக் கட்டிய அடுக்ககத்தில் ஒரு வீடு. மூன்றாவது, மேற்கு மாம்பலத்தில் சந்துக்குள் ஒரு பழைய வாடகை வீடு. அலுவலகம் நகரின் நடுவில் உள்ளது. மூன்றாவதை அவர் வேண்டாவெறுப்பாகவே சொன்னார். அங்கிருந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியுமாம்.

முதலில் ஒரு தடையை நீக்கிக்கொள்வோம். ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்த தண்டம் எனப்படும் பயனில் தீவினையை ஐந்தாகப் பகுக்கிறார். அவற்றுள் ஒன்று பிரமாத சரியை, அதாவது கருத்தில்லாத நடத்தை. பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை அலைத்தல், தீ மூட்டுதல், காற்றெழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் என்று அடுக்கிக்கொண்டு போய், பயனின்றித் தான் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அவற்றோடு சேர்க்கிறார். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, அருவியில் குதித்தாடி, இரவில் சுள்ளிகளைப் பொறுக்கி நெருப்பு வளர்த்துப் பாடும் இக்காலக் காட்டுலாவை நேரில் கண்டு எழுதியது போலவே இருக்கிறது! நம் அருங்கலச்செப்பும் அந்நூலைத் தழுவி எழுந்ததே.

அவ்வாறாயின் மலையேறுதல் முழுவதுமே பயனில் செயலா? அன்று. நம் தீர்த்தங்களில் பெரும்பாலானவை மலைகளே. சம்மேத சிகரமும் ஊர்ஜயந்தகிரியும் வடக்கே. பொன்னூர் மலையும் திருமலையும் நம் வீட்டு வாயிலில். நான்கு முழம் முன்னே நிலத்தைப் பார்த்து அடியெடுத்து வைக்கும் ஈரியா சமிதி சாதுக்களுக்குரியதாயினும், ஒற்றையடிப் பாதையில் எறும்புச் சாரியைக் கண்டு காலை மாற்றி வைக்கும் இளைஞன் அதன் நிழலிலேனும் நிற்கிறான். நடப்பதால் மனம் அடங்கி, உயிர்களின்பால் இரக்கம் பெருகுமாயின் அந்நடை பயனுடையதே. சிக்கல் நடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. நடந்து சென்றவன் மாலையில் திரும்பி விடுகிறான். கட்டிய வீடோ ஐம்பது அறுபது ஆண்டுகள் அங்கேயே நிற்கும்.

நகரத்துக்கு அருகே எங்கே தங்குவது என்ற வினாவை நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பாருங்கள். மாங்குளம், அரிட்டாபட்டி, அழகர்மலை, திருப்பரங்குன்றம், கீழவளவு, கொங்கர்புளியங்குளம், ஆனைமலை என்று ஒரு வளையம் போல அவை அமைந்துள்ளன. நகரத்தாரிடம் ஆகாரம் ஏற்கவும் அறம் உரைக்கவும் தக்க அண்மை. சந்தை இரைச்சல் எட்டாத சேய்மை. அங்கே துறவியர் எதையும் கட்டவில்லை. இயற்கையாகக் குடைந்திருந்த பாறை நிழலில், மழைநீர் உள்ளே வழியாதவாறு பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டினார்கள். தரையில் ஆள் கிடக்கும் அளவுக்குப் படுக்கையைச் செதுக்கித் தலைப்பக்கம் சற்றே உயர்த்தினார்கள். அவ்வளவே வீடு.

இதில் நாம் பெரிதும் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. அப்படுக்கைகளைச் செய்வித்தவர் யாவர்? மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் நெடுஞ்செழியனையும் வெள்ளறை நிகமத்தாரையும் சொல்கின்றன. அழகர்மலைக் கல்வெட்டுகளில் மதுரைப் பொற்கொல்லனும், உப்பு வணிகனும், கொழு வணிகனும் வருகிறார்கள். எல்லாம் நகரத்துத் தொழிலாளர், வணிகர். அவர்களுக்கும் அந்த மலை அழகாகத்தான் தோன்றியிருக்கும். அந்தக் காற்றும் இனித்திருக்கும். எனினும் மலையடியில் தமக்கு ஒரு மாளிகை எழுப்பிக்கொண்டதாக அக்கல்வெட்டுகள் கூறவில்லை. மலையைத் துறவிக்கு வழங்கிவிட்டு, தம் பெயரை ஒரு வரியில் பொறித்துவிட்டுக் கடைத்தெருவுக்குத் திரும்பினார்கள் என்றே நான் அவற்றைப் படிக்கிறேன்.

அந்த அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 எக்டேர். ஈராண்டுகளுக்குள் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் விடப்பட்டது. சுற்றுவட்டார மக்கள் திரண்டெழுந்து எதிர்த்த பின்னரே, 2025 சனவரியில் மத்திய அரசு அதனைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் அங்கே உழுது வாழ்கின்றவர்கள். அழகை முன்னிட்டுக் குடிவந்தவர்கள் அல்லர்.

காட்டருகே வாழ்வதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளற்க. வேடந்தாங்கல் மக்கள் 1798ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய மாவட்ட ஆட்சித் தலைவரிடம் முறையிட்டுத் தம் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுத்தில் உறுதி பெற்றவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்களுடைய வயலுக்கு உரமாகிறது. பறவைக்கும் அவர்களுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் உண்டு. நாமோ சன்னலிலிருந்து பார்ப்பதற்கு மட்டும் அருகே போக விரும்புகிறோம். இரண்டும் ஒன்றல்ல. நகரின் நடுவிலிருந்து பெயர்த்துப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்ட ஏழைகளையும் இங்கே குறை கூறுவதற்கில்லை. அவர்கள் தேர்ந்து போனவர்கள் அல்லர். தேர்ந்தெடுக்கும் வசதி படைத்தவர்களைப் பற்றியதே இவ்வினா.

பள்ளிக்கரணை அடுக்ககத்துக்கு வருவோம். அச்சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இன்று எஞ்சி அவ்வாறு காக்கப்படுவது ஏறத்தாழ 1,248 எக்டேர். பழைய பரப்பு இதைப் போலப் பன்மடங்கு. தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் மிகைநீர் அங்கே வந்து தங்கிக் கடலுக்குச் செல்லும். அந்நீர் தங்கிய இடத்தில் நாம் சென்று தங்கினோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்தது. இத்தகைய அடுக்ககங்களுக்கு 'லேக் வியூ' என்று பெயரிடும் வழக்கம் எனக்கு நகைப்பையே தருகிறது. முதற் கட்டடம் எழுந்தபோது ஏரி தெரிகிறது; அதன் முன்னே இரண்டாவது எழுந்ததும் பெயர் மட்டும் எஞ்சுகிறது.

காப்புக்காட்டை ஒட்டிய மனையில் வெள்ள அச்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் மனைக்கு முன் சாலை, சாலைக்கு விளக்கு, விளக்கின் கீழ் குப்பைத்தொட்டி, தொட்டியைச் சுற்றி நாய்கள். நாய்கள் மானைத் துரத்துவதற்கு வேலி ஒரு தடையன்று. இரவெல்லாம் எரியும் விளக்கில் விட்டில்கள் மாய்கின்றன. நாம் மனமறிந்து ஓர் உயிரையும் கொல்லவில்லைதான். இல்லறத்தானுக்கு விலக்க இயலாத ஆரம்ப இம்சை என்று நூல்கள் இதற்கு இடந்தருகின்றன என்பதும் உண்மையே. ஆயினும் அச்சலுகை தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்னும் தேவைக்காகத் தரப்பட்டது. தெருவில் ஏற்கெனவே வீடு இருக்க, கண்ணுக்கு இனிமை வேண்டிக் காட்டின் விளிம்பில் புதிதாக ஒன்றைத் தொடங்குவோருக்கு அது பொருந்துமா என்பதை அவரவர் நெஞ்சையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் சென்னையில் மாலை 5.40, 5.50 மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்து விடுகிறான். வண்டலூரிலிருந்து நகரின் நடுவுக்கு வந்து உழைப்பவர் வீடு திரும்பும்போது இருட்டி நெடுநேரமாகியிருக்கும். இரவுண்ணாமை என்பது ஞாயிற்றுக்கிழமை விரதமாகிவிடும். அலுவலகத்துக்கு அருகே குடியிருப்பவரும் எளிதில் அதனைக் காத்துவிட முடியாது. எனினும் முயல்வதற்கேனும் வழியிருக்கிறது. வீட்டிலிருந்து பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணும் அந்த ஒரு வேளையை விற்றுத்தான் மலைக்காட்சியை வாங்க வேண்டுமா?

இனித் திக்விரதத்துக்கு வருவோம். பத்துத் திசைகளிலும் எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கப்பால் செல்வதில்லை என்று உறுதி பூணுவது அது. எல்லையாகக் கொள்ளத்தக்கவை எவை எனின், யாவரும் அறிந்த கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு என்கிறார் சமந்தபத்திரர். நாம் எவற்றை நோக்கி ஓடுகிறோமோ, அவற்றையே அவர் நிற்கும் இடமாகக் காட்டுவது நோக்கத்தக்கது. அதைவிடச் சிறந்த ஒரு நுட்பத்தையும் அவர் சொல்கிறார். எல்லைக்கு வெளியே நுண்ணிய தீவினையும் நம்மால் நிகழாமையின், அங்கே நம் அணுவிரதங்கள் மகாவிரதங்களின் தன்மையை எய்துகின்றன.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். மனைவி மக்களோடு வாழ்ந்து, அடுப்பெரித்து, வணிகம் செய்யும் ஒருவன், தான் போகாத நிலத்தைப் பொறுத்தமட்டில் துறவியாகிறான். அவன் கால் வைக்காத குன்றில் உள்ள புல்லும் புழுவும் அவனிடமிருந்து முழுமையான அபயம் பெறுகின்றன. மலையின்மேல் அன்புடையவனுக்கு இதனினும் மேலான உறவு எது? பார்ப்பதையும் ஏறுவதையும் அருகே வாழ்வதையுமே அன்பு என்று எண்ணிப் பழகிவிட்டோம். விட்டு வைப்பதும் அன்பின் ஒரு வகை என்பதைத் திக்விரதம் கற்பிக்கிறது.

இளைஞர் ஒரு மறுப்புச் சொன்னார். "நான் வாங்காவிட்டால் அம்மனை காடாக இருந்துவிடப் போகிறதா? மரத்தின் அருமை தெரியாத ஒருவர் வாங்குவார். அதற்கு நானே வாங்கி நாலு மரம் வைக்கலாமே, ஐயா?" வலிமையுடைய மறுப்புத்தான். அவர் வாங்காமையால் அந்த மனை காடாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே வாதத்தைப் புலால் உண்போர் நம்மிடம் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றனர்: நீர் உண்ணாவிட்டால் ஆடு பிழைத்துவிடுமா? நாம் அதற்கு இணங்கவில்லை. உண்பாரின் வேண்டுதலே கொலைக்கு விலையாகிறது என்று விடை கூறினோம். மனைக்கும் அவ்விடையே பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. அவர் முழுவதும் உடன்படவில்லை. சிந்திப்பதாகச் சொல்லிச் சென்றார்.

பிள்ளைகள் காட்டையே காணாமல் வளர்ந்தால் அதன்பால் இரக்கம் எவ்வாறு பிறக்கும் என்று தாய்மார் கேட்கலாம். கட்டாயம் காணட்டும். மாம்பலத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புறநகர் இரயில் வண்டலூரில் இறக்கிவிடும். வெளிமானும் புள்ளிமானும் வாழும் கிண்டிக் காடு, 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை சென்று, ஒரு நாளுக்கு எல்லை வகுக்கும் தேசாவகாசிகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இந்தப் பாலம் வரை, அந்த மரம் வரை, அதற்கப்பால் இன்று இல்லை. விளையாட்டைப் போலவே அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

மழைக்காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதுக்களின் சாதுர்மாசம் தீபாவளியை ஒட்டி நிறைவுறுகிறது. வடநாட்டில் மழை அதற்குள் ஓய்ந்துவிடும். நம் நாட்டிலோ வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் வலுக்கிறது. பாதையெங்கும் மரவட்டையும் நத்தையும், செம்பட்டுப் போன்ற தம்பலப்பூச்சியும் ஊர்ந்து திரியும் காலம் அதுவே. ஆதலின் மலையேறும் அன்பர்கள் மார்கழி முடியும் வரை தம் சாதுர்மாசத்தை நீட்டித்துக்கொள்வது தகும். அம்மாதங்களில் வெளியே செல்லும் ஆவல் மிகுந்தால், காஞ்சிக்கு அருகே திருப்பருத்திக்குன்றத்துக்குச் செல்லலாம். திரைலோக்கியநாதர் ஆலயத்தில் பழைய குராமரம் ஒன்று மேடை கட்டிக் காக்கப்பட்டு வருகிறது. மழைவிட்ட பொழுதில் அதன் கீழ் சற்று அமர்ந்துவிட்டு, கதிர் சாயுமுன் வீடு திரும்பிவிடலாம்.