தலைக்கவசம் தலைக்கா, வேகத்துக்கா?

மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு. குடை மழைக்கும் வெயிலுக்கும், விளக்கு இருளுக்கு, தலைக்கவசம் தலைக்கு. இதில் ஐயத்துக்கு இடமேயில்லை என்று தோன்றும். ஆயினும், அன்பு வாசகரே, ஒரு பொருளுக்கு இரண்டாவது நோக்கம் ஒன்று வந்து சேர்வதுண்டு. அது மெல்ல மெல்ல முதல் நோக்கத்தைத் தள்ளிவிட்டு அதன் ஆசனத்தில் தானே அமர்ந்துகொள்வதும் உண்டு. அவ்வேளையில் பொருளின் வடிவம் மாத்திரமன்று, அதைப் பயன்படுத்துபவனின் உள்ளத்திலுள்ள ஒழுங்கும் மாறிவிடுகின்றது. இதற்குச் சைக்கிளோட்ட வீரர்கள் அணியும் தலைக்கவசம் ஒரு தெளிவான உதாரணம்.

சமயப் பத்திரிகைக்கும் சைக்கிளோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். புனித சின்னப்பர் தம் திருமுகங்களில் ஓட்டப் பந்தயத்தையும் மற்போர்க் களத்தையும் எடுத்துக்காட்டத் தயங்கவில்லை. மேலும், நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். அவர்களிற் சிலர் நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாய் முடிக்கும் ‘ட்ரையத்லன்’ போட்டிகளில் இறங்குகின்றனர். நம் நாட்டிலும் 2018ஆம் ஆண்டு கொழும்பில் அத்தகைய நெடும் போட்டியொன்று நடைபெற்றது. 1.9 கிலோமீற்றர் நீந்தி, 90 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டி, அதன்பின் 21.1 கிலோமீற்றர் ஓட வேண்டிய போட்டி அது. இத்தகைய போட்டிக்கு எந்தத் தலைக்கவசத்தை வாங்குவது என்று ஓர் இளைஞன் கேட்பானாயின், அக்கேள்விக்குள் ஓர் அறநெறிக் கேள்வியும் மறைந்திருக்கின்றது.

காற்றோடு ஒரு போர்

முதற்கண் விடயத்தை விளங்கிக்கொள்வோம். கூட்டமாய் ஓடும் சைக்கிளோட்டத்தில் ஒருவன் மற்றவனின் பின்னால் ஒதுங்கிக் காற்றிலிருந்து தப்பிக்கொள்ளலாம். ஒவ்வொருவராகப் புறப்பட்டு நேரத்தோடு மட்டும் போட்டியிடும் தனிநேர ஓட்டத்திலும், நெடுந்தூர ட்ரையத்லன் போட்டியிலும் அந்த ஒதுக்கிடம் கிடையாது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்; அதை வெல்லத் தேவையான வலுவோ எட்டு மடங்காகும். சமதரையில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவனின் உழைப்பில் மிகப் பெரும் பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகின்றது. அக்காற்றை முதலில் எதிர்கொள்வனவற்றுள் ஒன்று அவனது தலை.

ஆகவே காற்று வழுக்கிச் செல்லத்தக்க தலைக்கவசங்கள் தோன்றின. முன்புறம் உருண்டு, பின்புறம் வால்போல் நீண்டு, நீர்த்துளியின் வடிவில் அவை அமைந்தன. சாதாரண தலைக்கவசத்தில் காற்றுக்கென விடப்படும் துவாரங்கள் இவற்றில் மிகக் குறைவு. ஒரு போட்டியில் இவை மீதப்படுத்தித் தருவது சில விநாடிகள், சிலருக்குச் சில பத்து விநாடிகள்.

சில விநாடிகள்தானே என்று எண்ண வேண்டாம். 1989ஆம் ஆண்டு யூலை 23ஆம் நாள் பிரான்சைச் சுற்றும் பெரும் சைக்கிளோட்டத்தின் இறுதிக் கட்டம் வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீற்றர் தனிநேர ஓட்டமாக நடந்தது. பிரெஞ்சு வீரர் லோரான் பின்யோன் 50 விநாடிகள் முன்னணியில் இருந்தார். வெறுந்தலையுடன், பின்னே கட்டிய குடுமி காற்றில் ஆட அவர் ஓட்டினார். அமெரிக்கரான கிறெக் லெமொண்ட், ட்ரையத்லன் வீரர்களிடமிருந்து வந்த நீண்ட கைபிடியைப் பொருத்தி, வால் நீண்ட தலைக்கவசத்தை அணிந்து ஓட்டினார். 3,200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்த ஓட்டத்தை லெமொண்ட் வென்றது 8 விநாடிகளால். அன்றிலிருந்து விநாடிகளை வடிவத்தால் வாங்கலாம் என்ற எண்ணம் அவ்விளையாட்டில் ஆழ வேரூன்றிற்று.

முதல் நோக்கம் மறைந்த கதை

இங்குதான் நாம் நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். அக்காலத்தில் தனிநேர ஓட்டத்துக்கென அணியப்பட்டவற்றுள் பல, தலைக்கவசம் என்ற பெயருக்கே உரியனவல்ல. அவை காற்றை வழுக்கச் செய்யும் மெல்லிய ஓடுகள் மாத்திரமே. விழுந்தால் தலையைக் காக்கும் உட்பொருள் எதுவும் அவற்றில் இருக்கவில்லை. தோற்றத்தால் தலைக்கவசம், செயலால் வேகத்தின் அலங்காரம். காக்கவென்று பிறந்த பொருள், காப்பதை முற்றாக மறந்துபோன நிலை அது.

சாதாரண ஓட்டங்களிலோ பல வீரர்கள் தலைக்கவசமே அணியாதிருந்தனர். 1991இல் அதைக் கட்டாயமாக்கச் சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் முயன்றபோது வீரர்களே எதிர்த்தனர்; விதி கைவிடப்பட்டது. 1995 யூலை 18இல், பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலிய வீரர் பாபியோ கசார்ட்டெல்லி, பிரெனே மலைச்சரிவொன்றில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். வயது 24. அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அணிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது விவாதத்துக்குரியதாயிற்று. 2003 மார்ச்சில் கசாக்ஸ்தான் வீரர் அந்திரே கிவிலேவும் அவ்வாறே வெறுந்தலையுடன் விழுந்து மறுநாள் உயிர்நீத்தார். அதன் பின்னரே, அதே ஆண்டில், தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. ஓர் எளிய உண்மையை ஏற்பதற்கு மனிதருக்கு எவ்வளவு காலமும், எவ்வளவு விலையும் தேவைப்படுகின்றன!

இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே கிசால்லோ என்னும் குன்றில் அன்னை மரியாளின் சிற்றாலயம் ஒன்றுண்டு. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1949இல் அந்த அன்னையைச் சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். வீரர்கள் காணிக்கையாக்கிய சைக்கிள்களும் வெற்றிச் சட்டைகளும் அங்கு தொங்குகின்றன. அவற்றிடையே, விபத்தில் உருக்குலைந்த கசார்ட்டெல்லியின் சைக்கிளும் வைக்கப்பட்டிருக்கின்றது. வெற்றிச் சின்னங்களின் நடுவே அந்தச் சைக்கிள் போதிப்பது ஒரு மறையுரையாகும்.

பாடம் முற்றாகக் கற்கப்பட்டுவிட்டதா? 2024 மார்ச்சில் இத்தாலிய ஓட்டமொன்றில் சில அணியினர் மிகப் பருத்த, விநோத வடிவான தலைக்கவசங்களை அணிந்து வந்தனர். அப்போது சர்வதேசச் சங்கம் வெளிப்படுத்திய கவலை கவனிக்கத்தக்கது: இன்றைய வடிவமைப்பு வீழ்ச்சியில் தலையைக் காப்பதைவிட வேகத்தையே பெரிதும் நாடிச் செல்கின்றது என்பதே அதன் சாரம். ஆம், வாசகரே, அதே பழைய கேள்வி மீண்டும் எழுந்திருக்கின்றது.

நம் வீதிகளிலும்

இதே குழப்பம் நம்மிடமும் வேறுருவில் உண்டு. மோட்டார் சைக்கிளிற் செல்லும் எத்தனை பேர் தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு சென்று, பொலிசார் நிற்கும் சந்தி தெரிந்ததும் தலையில் வைக்கின்றனர்! நாடியின் கீழுள்ள பட்டியைப் பூட்டுவதுமில்லை. பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குத் தலைக்கவசமே இல்லை. அங்கே முதல் நோக்கத்தின் இடத்தை வேகம் பிடித்துக்கொண்டது. இங்கே தண்டப்பணத்தின் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டிலும் மறக்கப்பட்டது தலையே.

விவேகம் என்னும் புண்ணியம் நோக்கங்களை வரிசைப்படுத்தி அவற்றுக்கேற்ற வழிகளைத் தெரிவு செய்ய நமக்குக் கற்பிக்கின்றது என்று புனித தோமஸ் அக்குவினார் விளக்கினார். வேகம் தீயதன்று, வெற்றியை விரும்புவதும் பாவமன்று. இரண்டாவதாய் நிற்க வேண்டியதை முதலாவதாய் நிறுத்துவதிலேயே தவறு இருக்கின்றது. அந்த ஒழுங்கின்படி, தலைக்கவசம் தெரிவு செய்பவன் தன்னிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி: இது என் தலையைக் காக்குமா? உயிர் நமக்குச் சொந்தமன்று; இறைவன் நம்மிடம் ஒப்படைத்த முதல். ஐந்தாம் கட்டளை பிறர் உயிரை மட்டுமன்று, நம் உயிரைப் பேணவும் நம்மைக் கடமைப்படுத்துகின்றது. எனவே ஐரோப்பாவின் ஈ.என். 1078, அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. போன்ற பாதுகாப்புத் தராதரத்தின் முத்திரை உள்ளே இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே வடிவத்தைப் பார்க்க வேண்டும். விலை கூடியது கூடுதலாகக் காக்கும் என்று எண்ண வேண்டாம். மலிவான சாதாரண தலைக்கவசமும் அதே தராதரத்தையே நிறைவேற்ற வேண்டும். விலை பெரும்பாலும் காற்றுக்கே கொடுக்கப்படுகின்றது. நாம் ரெஜிபோம் என்று அழைக்கும் நுரைப்பொருளே பெரும்பாலான தலைக்கவசங்களின் உள்ளே இருக்கின்றது. அது தான் நசுங்குவதன் மூலம் அடியைத் தாங்கிக்கொள்கின்றது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை உதவாது. ஆகவே பலத்த அடிபட்டதை, வெளியே கீறலின்றித் தெரிந்தாலும், மாற்றிவிட வேண்டும். வரலாறு தெரியாத பழைய தலைக்கவசத்தைக் கைமாறி வாங்குவதும் விவேகமன்று.

இரண்டாம் கேள்வி: இது உள்ளபடியான எனக்குப் பொருந்துமா? இக்கேள்வி மிக நுண்ணியது. நீண்ட வாலுள்ள தலைக்கவசம், தலையை அசையாது நிமிர்த்தி, வால் முதுகோடு ஒட்டியிருக்க ஓட்டுபவனுக்கே நன்மை தரும். களைத்துத் தலைகுனிந்தால் வால் மேலெழுந்து காற்றில் நிற்கும். உதவ வந்தது தடையாகும். அடிக்கடி தலையை அசைப்பவனுக்கு வால் குறுகிய, உருண்ட வடிவமே ஏற்றது. இருவர் ஒரே தலைக்கவசத்தை அணிந்தாலும் தோளின் அகலமும் முதுகின் வளைவும் வேறுபடுவதால் பயன் வேறுபடும். வெப்பமும் கவனிக்கத்தக்கது. காற்றுத் துவாரம் குறைந்த தலைக்கவசத்துள் மணிக்கணக்காய் வெந்தவன், சைக்கிளில் சேமித்த விநாடிகளைப் பின்னர் ஓட்டத்தில் நிமிடங்களாகத் திருப்பிக் கொடுக்க நேரிடும். காதை மூடும் தலைக்கவசம் வாகன ஒலியை மறைக்கும். ஆதலால் வீதியிற் பயிற்சி செய்யும்போது சாதாரண தலைக்கவசமே மேல்.

இங்கே நமக்கு வேண்டியது தாழ்ச்சி. தாழ்ச்சி என்பது தன்னைத் தாழ்த்திப் பேசுவதன்று. தன்னைப் பற்றிய உண்மையை ஏற்பது. வீரனின் படத்தைப் பார்த்து அவனுக்குப் பொருந்தியதை வாங்குபவன், தன் தலைக்கன்று, தன் கற்பனைக்கே கவசம் வாங்குகின்றான். எண்பதாவது கிலோமீற்றரில் என் தலை எப்படி இருக்கும் என்று உண்மையாய்க் கேட்பவனே நன்கு தெரிவு செய்வான். தொழிலிலும் கல்வியிலும் திருமணத்திலும் இக்கேள்வியைக் கேளாது செய்த தெரிவுகளால் வருந்தும் குடும்பங்கள் நம்மிடையே குறைவல்ல.

மூன்றாம் கேள்வி: இது நீதியானதா? போட்டி விதி அனுமதிக்கின்றதா, குடும்பத்தின் வருவாய் தாங்குமா என்பன இதில் அடங்கும். இத்தலைக்கவசங்கள் சில நூறு டொலர் விலைபோகின்றன. தம்பியின் படிப்புக்கோ தாயின் மருந்துக்கோ உரிய பணத்தில் வாங்கிய விநாடி திருடிய விநாடியாகும். சாதாரண தலைக்கவசத்துடன், ஒழுங்கான பயிற்சியுடன் போட்டியை முடிப்பது எவருக்கும் இழிவன்று.

வெற்றி யாருடையது?

வெற்றியில் கருவியின் பங்கெவ்வளவு, மனிதனின் பங்கெவ்வளவு? ஒரு மணி நேரத்தில் ஒருவன் எவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்டலாம் என்பதற்கு ஒரு சாதனைப் பட்டியல் உண்டு. பெல்ஜிய வீரர் எடி மேர்க்ஸ் 1972இல் மெக்சிக்கோவில் 49.431 கிலோமீற்றர் ஓட்டினார். ஆங்கிலேயரான கிறிஸ் போர்ட்மன் 1996இல் நவீன சைக்கிளுடனும் தலைக்கவசத்துடனும் 56.375 கிலோமீற்றர் ஓட்டினார். பின்னர், மேர்க்ஸ் காலத்துக்கு ஒத்த கருவிகளையே பயன்படுத்த வேண்டும், காற்றை வெட்டும் தலைக்கவசமும் கூடாது என்று விதி வந்தது. 2000ஆம் ஆண்டில் அவ்விதிப்படி ஓட்டிய அதே போர்ட்மன் கடந்த தூரம் 49.441 கிலோமீற்றர். நான்கு வயது கூடியதைக் கணக்கிற்கொண்டாலும், ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் மறைந்துபோயிற்று. மேர்க்ஸை அவர் வென்றது வெறும் 10 மீற்றரால். 2014இல் நவீன கருவிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது.

எது சரியான விதி என்பதை விளையாட்டு அறிந்தோர் தீர்மானிக்கட்டும். நாம் உணர வேண்டியது வேறு. எந்த வெற்றியும் முழுமையாக ‘என்னுடையது’ அன்று. கருவி செய்தவனின் அறிவும், பயிற்றியவனின் பொறுமையும், பெற்றோரின் உழைப்பும் அதில் உண்டு. நுரையீரலும் தசையும் இறைவனின் கொடை. இதை அறிந்தவன் வென்றால் செருக்கடையான். தோற்றால் கருவியைப் பழிக்கவும் மாட்டான்.

பரிசு பெறும்படி ஓடுங்கள் என்று கொரிந்தியரை ஊக்குவித்தவர் புனித சின்னப்பரே. எபேசியருக்கு எழுதுகையில் விசுவாசியின் போர்க்கோலத்தில் மீட்பைத் தலைக்கவசமாக வைத்தவரும் அவரே. ஓடச் சொன்னவர் காப்பையும் அணியச் சொன்னார். ஓட்டமும் காப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவற்றின் வரிசையை நாம் மாற்றாதிருந்தாற் போதும்.

ட்ரையத்லன் போட்டியில் ஓர் அருமையான விதியுண்டு. நீந்திக் கரையேறி ஓடிவரும் வீரன், தலைக்கவசத்தை அணிந்து பட்டியைப் பூட்டிய பின்னரே தன் சைக்கிளை அதன் இடத்திலிருந்து எடுக்கலாம். ஓட்டி முடித்துச் சைக்கிளை அதன் இடத்தில் நிறுத்திய பின்னரே பட்டியைக் கழற்றலாம். ஒவ்வொரு விநாடிக்கும் போராடும் களத்திலும் தலைக்கே முதலிடம். பெற்றோரே, இளைஞரே, நாளை காலை மோட்டார் சைக்கிளின் திறப்பைக் கையில் எடுக்குமுன் அந்த விதியை உங்கள் வீட்டு விதியாகவும் ஆக்கிக்கொள்ளுங்கள். முதலில் தலை, பின்னர் வேகம்.