கைமாறும் கோல்



சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள பள்ளிகளில் விளையாட்டு விழா நடைபெறும்போது, தொடர் ஓட்டம் தொடங்கியவுடன் அமர்ந்திருந்தோர் எழுந்து நிற்பதைக் காணலாம். தனி ஓட்டத்தில் ஒருவரின் கால்வலிமை தெரியும். தொடர் ஓட்டத்திலோ நால்வரின் நட்பும் நம்பிக்கையும் சேர்ந்து ஓடுகின்றன. 2023ஆம் ஆண்டு ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஆடவர் 4 x 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் நம் நாடு தங்கம் வென்றது. முகம்மது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகம்மது அஜ்மல் ஆகியோர் வழியாக வந்த கோலை, இறுதிச் சுற்றில் ஏந்தி எல்லைக்கோட்டைக் கடந்தவர் தமிழகத்தின் இராஜேஷ் ரமேஷ். இப்பிரிவில் நாம் முன்னர்த் தங்கம் பெற்றது 1962இல். இடைப்பட்டவை 61 ஆண்டுகள்.

இதனினும் நெடிய தொடர் ஓட்டம் சப்பான் நாட்டில் உண்டு. 1920இல் தொடங்கப்பெற்ற ஹகோனே எகிடென் என்னும் அப்போட்டியில், டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைவரை சென்று மீளும் ஏறத்தாழ 217 கிலோமீட்டர் தொலைவை, ஒரு பல்கலைக்கழகத்தின் பத்து மாணவர்கள் இரண்டு நாட்களில் பங்கிட்டு ஓடுகின்றனர். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு இருமுறை சென்று மீள்வதற்கு ஏறக்குறைய ஒப்பான தொலைவு அது. அங்குக் கோல் இல்லை. தோளில் குறுக்காக அணியும் துணிப்பட்டையே கைமாறுகிறது.

நாமக்கல் வட்டாரத்து மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தொலைதூரம் செல்லும் லாரிகளில் இருவர் மாறி மாறி ஓட்டுவதை அவர்கள் அறிவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் உறங்குகிறார். தம் உயிரையே தோழரின் விழிப்பில் வைத்துவிட்டு உறங்கும் அந்த நம்பிக்கை சிறிதன்று.

'துறவோர் நான்கு முழ நிலத்தை நோக்கி, எறும்புக்கும் ஊறு நேராமல் மெல்ல நடப்பதன்றோ நம் ஈரியா சமிதி! ஓட்டத்தைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?' என்று சிலர் வினவக்கூடும். நன்று. வேகத்தைப் போற்றுவது என் கருத்தன்று. அவ்விளையாட்டின் விதிகளுக்குள் நம் அறத்தின் நுட்பங்கள் சில பொதிந்துள்ளன. அவற்றையே காட்ட விழைகின்றேன்.

முதல் விதி: ஒருவரின் பங்கை மற்றவர் ஓட இயலாது. அவரவர் செய்த வினை அவரவரையே சாரும் என்னும் நம் கொள்கையும் இதுவே. ஆயினும் தனித்து ஓடுபவர் துணையற்றவர் அல்லர். மீன் நீந்துவதற்கு நீர் துணையாவதுபோல, இயங்கும் பொருளுக்குத் தர்மத் திரவியம் துணையாகிறது என்பர் நம் ஆசாரியர்கள். நீர் மீனைத் தள்ளுவதில்லை. நீரின்றி மீன் நீந்துவதும் இல்லை. நல்ல நண்பரின் துணையும் அத்தகையது.

இரண்டாம் விதி: கோல் கீழே விழுந்தால், தவறவிட்டவரே அதனை எடுத்தல் வேண்டும். பிழையைப் பிறர்மேல் சுமத்தாது தாமே உணர்ந்து திருந்துவதாகிய பிரதிக்கிரமணத்திற்கு இதனினும் எளிய உவமை வேண்டுமோ?

மூன்றாம் விதியே இன்றைய சிந்தனையின் உயிர். கோலைக் குறித்த எல்லைக்குள் மாற்றிவிட வேண்டும். 4 x 400 மீட்டர் ஓட்டத்தில் அவ்வெல்லை 20 மீட்டர்தான். அதனைத் தாண்டியபின் கொடுத்தால் அக்கொடை செல்லாது, அணியே நீக்கப்படும். எகிடெனில், முன்னவர் குறித்த நேரத்திற்கு மேல் தாமதமானால், அடுத்தவர் வேறொரு பட்டையை அணிந்து புறப்பட்டாக வேண்டும். மூச்சிரைக்க ஓடிவருபவர், தம் தோழர் சென்றுவிட்டதைக் கண்டு, வியர்வை தோய்ந்த பட்டையைக் கையில் பற்றியவாறே நின்றுவிடுகிறார். அவரிடம் பொருள் இருக்கிறது, பெறுவார் இல்லை.

இவ்வெல்லையை உணர்ந்து செயற்பட்டவர் தரசேனாசாரியார். கிர்நார் மலையின் சந்திர குகையில் தவமிருந்த அம்முதியவர், தம்மோடு ஆகம ஞானம் மறைந்துவிடுமோ என அஞ்சித் தென்னாட்டு முனிவர்களுக்கு ஓலை விடுத்தார். அதனை ஏற்று வந்த புட்பதந்தர், பூதபலி என்னும் இருவருக்கும் தாம் அறிந்ததை ஓதுவித்தார். பின்னர்ப் புட்பதந்தர் வனவாச நாட்டிலும் பூதபலி தமிழ்நாட்டிலும் தங்கினர். புட்பதந்தர் 177 சூத்திரங்களை இயற்றி, ஜினபாலிதர் என்னும் மாணவர் கையில் கொடுத்துத் தம் தோழரிடம் அனுப்பினார். புட்பதந்தரின் ஆயுள் குறுகியது என்பதை உணர்ந்த பூதபலி, எஞ்சிய பகுதியை இயற்றி நிறைவு செய்தார். அதுவே சட்கண்டாகமம். வனவாசத்தில் தொடங்கிய நூலின் பெரும்பகுதி தமிழ் மண்ணிலே முடிந்தது என்னும் மரபு நமக்குப் பெருமை அளிப்பதாகும்.

அக்கோல் அங்கும் நிற்கவில்லை. சட்கண்டாகமத்திற்குத் தவளா உரை கண்ட வீரசேனர், கசாய பாகுடத்திற்கு ஜயதவளா உரையை எழுதத் தொடங்கி 20,000 கிரந்த அளவோடு மறைந்தார். அவர்தம் மாணவர் ஜினசேனர் மேலும் 40,000 கிரந்தம் எழுதி 837இல் முடித்தார். ஜினசேனர் தொடங்கிய ஆதிபுராணத்தை அவர் மாணவர் குணபத்திரர் முடித்தார். தாம் தொடங்கியதைத் தாமே முடித்துப் புகழ்பெற வேண்டும் என்னும் பற்று அவர்களிடம் இல்லை. மிகுபொருள் விரும்பாமை பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டும் உரியதன்று, புகழுக்கும் உரியது.

சேலத்தார் இத்தொடரில் ஏந்திய கோல் ஒன்றும் உண்டு. திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியைச் சமண இல்லங்கள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தும் பாடம் கேட்டும் காத்தன. 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், உ. வே. சாமிநாதையரைச் சிந்தாமணியின்பால் திருப்பி, அதன் பிரதியையும் அவர் கையில் கொடுத்தார். ஐயருக்கு விளங்காத சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் விளக்கினர். 1887இல் நூல் அச்சேறியது. முதலியாரும் ஐயரும் சமணர் அல்லர். ஆயினும் நம் காப்பியம் உலகறிய அவர்தம் கைகளும் ஓடின. நன்றியுடன் நினைத்தல் நம் கடன்.

கைமாறாத கோலுக்கும் சான்று உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி இன்று முழுமையாக இல்லை. எழுபது அளவிலான செய்யுட்களே எஞ்சின. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், நாளைக்குப் படியெடுப்போம் என்று வைத்த ஏடாகவும் அது இருந்திருக்கலாம்.

ஆதலின் பெரியோர்களே, உங்களையே வினவிக்கொள்ளுங்கள். நும் பாட்டனார் ஓதிய துதிகளை நும் பேரன் அறிவானா? உணவு, அடைக்கலம், மருந்து ஆகிய தானங்களை மகிழ்ந்து செய்யும் நாம், நான்காவதாகிய சாத்திர தானத்தை ஏன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கிறோம்? முதியவரின் தெளிவும் சிறுவரின் ஆர்வமும் ஒருங்கே அமையும் காலம் மிகக் குறுகியது. அதுவே நம் 20 மீட்டர்.

இளைஞர்களே, கோலைப் பெறுபவர் கையை நீட்டியவாறு முன்னரே ஓடத் தொடங்குகிறார். நீங்களும் கொடுப்பார் வரட்டும் என்று வாளாவிராமல், கேளுங்கள், ஐயம் வினவுங்கள், நண்பர்கள் நால்வர் கூடி வாரம் ஒரு நூலின் ஒரு பக்கத்தையேனும் படியுங்கள்.

சட்கண்டாகமம் நிறைவுற்றதைப் போற்றும் சுருத பஞ்சமி, ஜ்யேஷ்ட மாத வளர்பிறை ஐந்தாம் நாளில் வருகிறது. அன்று ஏடுகளுக்கு மலர் தூவி வணங்குவதோடு நில்லாமல், ஒவ்வோர் இல்லத்திலும் மூத்தவர் ஒருவர் இளையவர் ஒருவருக்கு ஒரு பாடலையேனும் பொருளுடன் ஓதுவிப்பாராக. ஏட்டுச் சுவடி வைத்திருப்போர், அதனைப் படிக்கவல்லார் கையில் சேர்ப்பாராக. எல்லைக்கோட்டை நாம் காணாமற் போகலாம். நம் பங்கை ஓடி, உரிய நேரத்தில் கோலைக் கொடுத்தோமானால் அதுவே போதும்.

வாழ்க அறம்! வளர்க அருக நெறி!