வேலையிடத்தில் தேசியக் கொடி: நிய்யத் என்ன?



நம் மூங்கில்துறைப்பட்டு வாலிபர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், எங்கள் பட்டறையில் நான் ஒருவன்தான் முஸ்லிம். என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று தேசியக் கொடி வைத்திருக்கிறேன். இது சரியா?"

கொடி வைப்பது அவருடைய உரிமை. ராய்கரில் தம் தொழிற்சாலையில் நவீன் ஜிண்டால் கொடி ஏற்றியதை அதிகாரிகள் தடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கண்ணியத்தோடு கொடி ஏற்றுவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2004 ஜனவரி 23 அன்று தீர்ப்பு வந்தது.

ஆனால் மார்க்கம் நிய்யத்தைக் கேட்கிறது. பிறர் பார்வைக்காக மட்டும் செய்வது முகஸ்துதி. சரி, அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது யார்? கொடி எல்லோருக்கும் பொதுவான அமானத். அதை வைத்து உடன் உழைப்பவரை எடைபோடுபவர் அமானத்துக்கு மோசடி செய்கிறார்.

ஆகவே தம்பி, கொடியை எடுக்காதீர்கள், நிய்யத்தை மாற்றுங்கள். பிறந்த மண்ணுக்கு நன்றியாக வையுங்கள். கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது, தரையில் படவிடக் கூடாது என்கிறது கொடி விதி. ஆகஸ்ட் 15 முடிந்த மறுநாளும் அதைக் கவனித்து மடித்து வைப்பவரே அமானத்தைப் பேணியவர்.

அல்லாஹ் நம் நிய்யத்துகளைச் சீராக்குவானாக! ஆமீன்.