நாக்கின் நியாயம்

குடியைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. எழுத எனக்கு அருகதை போதாது என்பது ஒரு காரணம். எந்தப் பக்கம் நின்று எழுதினாலும் பாதிப் பொய் வந்து சேர்ந்துவிடும் என்பது மற்றொரு காரணம். ஆனால் சென்ற மார்கழியில் பந்தலூரில் கண்ட ஒரு காட்சி மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

என் தமக்கை மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பந்தலூரில் ஒரு நண்பர் வீட்டில் நாலு நாள் தங்கினோம். பையன் பெட்டியில் ஒரு புட்டி இருந்தது. பர்பன் விஸ்கி, அதிலும் 'ஒற்றைப் பீப்பாய்' ரகமாம். மற்ற விஸ்கிகளைப் பல பீப்பாய்களிலிருந்து எடுத்துக் கலந்து, எந்த வருஷம் வாங்கினாலும் ஒரே ருசியாக இருக்கும்படி செய்கிறார்கள். இதில் அப்படி இல்லை. ஒரு பீப்பாய்க்குள் இருந்தது மட்டும் புட்டிக்குள் போகிறது. பீப்பாயின் எண்ணைச் சீட்டில் எழுதிவிடுகிறார்கள். கிடங்கின் மேல் தட்டில் வெயில் தின்ற பீப்பாய்க்கு ஒரு குணம், கீழ்த் தட்டில் குளிர்ந்து கிடந்ததற்கு வேறொரு குணம். 1984இல் கெண்டக்கியில் எல்மர் லீ என்பவர் இதை வியாபாரமாகத் தொடங்கி வைத்தார். "அந்தப் பீப்பாய் தீர்ந்தால் தீர்ந்ததுதான் மாமா, அந்த ருசி உலகத்திலேயே மறுபடி கிடையாது" என்று பையன் சொன்னபோது அவன் குரலில் ஒரு பக்தியே இருந்தது.

அடுத்த வீட்டில் இருந்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றவர். மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. தேயிலையை ருசி பார்க்கும் முறையை அவர்தாம் எனக்கு விளக்கினார். நூறு மில்லி தண்ணீருக்கு இரண்டு கிராம் தூள். கொதிநீரை ஊற்றி ஆறு நிமிஷம். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. வெள்ளைக் கிண்ணத்தில் சாயத்தைப் பார்த்து, வெந்த இலையை முகர்ந்து, பிறகு ஒரு கரண்டி எடுத்து 'சர்' என்று சத்தத்தோடு உறிஞ்ச வேண்டும். காற்றோடு சேர்ந்து போனால்தான் நாக்கும் மூக்கும் ஒன்றாக வேலை செய்யும். உடனே துப்பிவிட வேண்டும். குன்னூர் ஏலத்துக்கு ருசி பார்க்கிறவர்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களைப் பார்ப்பார்களாம். விழுங்கினால் என்ன ஆவது?

பையன் அவரிடம் தன் புட்டியைப் பற்றிச் சொன்னான். அவர் சிரித்தார். "தம்பி, எங்க வேலை அதுக்கு நேர் எதிர். மழைக் கொழுந்து ஒரு மாதிரி, பனிக் கொழுந்து ஒரு மாதிரி, கிழக்குச் சரிவு ஒண்ணு, மேற்குச் சரிவு ஒண்ணு. அத்தனையும் ஒரே மாதிரி ஆக்கிக் காட்டத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தாங்க" என்றார். பிறகு, "அதைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

எனக்கு வியப்பு. அவர் குடிக்காதவர் என்று நண்பர் சொல்லியிருந்தார். அவரோ உள்ளே போய் ஒரு வெள்ளைக் கிண்ணமும் கரண்டியும் கொண்டு வந்தார். இரண்டு கரண்டி அளவு ஊற்றச் சொன்னார். வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். முகர்ந்தார். பிறகு அதே 'சர்'. கன்னத்துக்குள் இப்படியும் அப்படியும் உருட்டிவிட்டு, எழுந்து போய் வாசல் கால்வாயில் துப்பினார்.

பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அந்தப் புட்டியின் விலைக்கு இங்கே ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிடும்.

"வறுத்த சோளம். அப்புறம் வெல்லப்பாகு, கொஞ்சம் முறுகினது. கடைசியிலே கரி. புது மரத்திலே வச்சிருக்காங்க, மரத்தை உள்பக்கம் சுட்டிருக்காங்க" என்றார் டீ மேக்கர். அந்நாட்டுச் சட்டப்படி பர்பனில் பாதிக்கு மேல் சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். இது எதுவும் அவருக்குத் தெரியாது. "மரத்தைப் பற்றி எப்படிச் சொன்னீர்கள்?" என்றேன். "அந்தக் காலத்திலே தேயிலையை மரப்பெட்டியிலேதானே அனுப்பினோம்? பெட்டி சரியாகக் காயலேன்னா தூளிலே மரவாடை ஏறிடும். அதைக் கண்டுபிடிக்காம விட்டா வேலை போயிடும்."

தத்துவ ஞானி ஹ்யூம் 1757இல் ரஸனையைப் பற்றி எழுதிய கட்டுரையில், டான் குவிக்ஸாட்டிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். பீப்பாய் மதுவை இரண்டு பேர் ருசி பார்க்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறான் ஒருவன்; இரும்பு வாடை என்கிறான் மற்றவன். ஊர் சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வார் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது. ருசி வெறும் அபிப்பிராயமல்ல, பொருளில் இருப்பதை நாக்கு அறிகிறது என்பதற்கு ஹ்யூம் காட்டும் சாட்சி அது. எனக்கு அன்று ஹ்யூமின் சாட்சி திண்ணையிலேயே கிடைத்துவிட்டது. இதே பந்தலூரில் 1880ஐ ஒட்டிய வருஷங்களில் தங்கம் தோண்டக் கம்பெனி கம்பெனியாக இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். கல்லை நம்பாமல் அறிக்கையை நம்பிப் பணம் போட்டார்கள், போன சுவடு தெரியாமல் போனார்கள். சீட்டைப் படித்து ருசிப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு.

பையன் இதைப் பிடித்துக்கொண்டான். "பார்த்தீர்களா மாமா, ருசி தெரிந்தவன் குடிகாரன் ஆகமாட்டான். ரஸனையைக் கற்றுக்கொடுத்தால் மதுவிலக்கே தேவையில்லை."

டீ மேக்கர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். சாஸ்திரி - ஸ்ரீமாவோ ஒப்பந்தப்படி 1976இல் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு அரசாங்கத் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு இந்தப் பக்கம் வந்த குடும்பம். அப்போது இவருக்கு ஒன்பது வயது. 1974இல் மறுபடி கொண்டு வந்த மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. ஆனாலும் தகப்பனாருக்குச் சாராயம் கிடைத்தது. 1981இல் கடைகள் திறந்த பிறகு தாராளமாகவே கிடைத்தது.

"எங்கப்பாவுக்கு ருசியே தெரியாதுங்க ஐயா. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிப்பார். குடிச்சு முடிச்சதும் முகம் கோணிக்கும், உப்பை எடுத்து நாக்கிலே வச்சுக்குவார். பிடிக்காத மருந்தைப் புள்ளைங்க குடிக்கிற மாதிரி."

இதைக் கேட்ட பிறகு பையன் சொன்னது சரி என்றே ஒருவருக்குத் தோன்றலாம். ருசி இல்லாதவன் அழிந்தான், ருசி உள்ள மகன் துப்பிவிட்டு நிற்கிறான். எனக்கு அவ்வளவு சுலபமாக மனம் ஒப்பவில்லை. நாக்கு மிக நுட்பமான ஒரு சங்கீத ரஸிகரை எனக்குத் தெரியும். எந்த ஊர்க் காப்பிக்கொட்டை என்று முதல் வாயில் சொல்லிவிடுவார். குடித்தே ஐம்பது வயதில் போய்ச் சேர்ந்தார். ரஸனை அவருக்குக் காவலாக நிற்கவில்லை. நல்ல சாக்காகத்தான் நின்றது.

அதற்காக ரஸனை என்பது வயிறு நிறைந்தவனின் விளையாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. எதிரே இருப்பவர் லயத்தில் வளர்ந்தவர். கூலிக்குக் கற்ற நாக்கு அது. அவருக்கும் தகப்பனாருக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்கிறேன். 'இது எப்படி இருக்கிறது, சொல்' என்று தினமும் மகனை ஒருவர் கேட்டார். அவர் சொன்ன சொல்லுக்கு மதிப்பும் இருந்தது. தகப்பனாரை எந்த விஷயத்திலும் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு, அட்டை கடித்த காலோடு மலைச்சரிவில் நின்றவனின் நாக்கு என்ன சொல்கிறது என்று யாருக்கு அக்கறை? அவரும் கேட்டுக்கொள்ளாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டார். இதுதான் முழுக் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. அதே சரிவில், அதே மழையில் நின்ற எத்தனையோ பேர் குடிக்கவில்லை. அவர் மனைவியே குடிக்கவில்லை.

அந்த அம்மாள் உள்ளே இருந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. வாசனை எட்டியிருக்க வேண்டும். வெளியே வந்து கிண்ணத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் எழுந்து கிண்ணத்தை எடுத்துப் போய் மூன்று தடவை கழுவினார். அம்மாள் ஒன்றும் கேட்காமல் எங்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். சாதாரணத் தூள்தான், கட்டிச் சாயம். அதை மட்டும் டீ மேக்கர் விழுங்கினார்.

நாங்கள் படி இறங்கும்போது அந்த அம்மாள் பையனைக் கூப்பிட்டார். "தம்பி, சீசாவை வச்சுட்டுப் போறீங்க பாருங்க" என்றார்.