உடலைக் காண்பதும் உடலுக்கு அஞ்சுவதும்

நம் பெற்றோர் காலத்து வீடுகளில் ஆண்டுதோறும் வாங்கப்பெற்ற பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில், அங்கம் துடித்தலுக்குரிய பலன் என்றொரு பட்டியல் அச்சாகியிருக்கும். ஆடவர்க்கு வலக்கண் துடித்தால் நன்மை, இடக்கண் துடித்தால் தீமை. தோள் துடித்தால் ஒரு பலன், தொடை துடித்தால் வேறொரு பலன். தம்மத்தைத் தழுவிய நாளில் அப்பஞ்சாங்கத்தையும் நாம் பரணில் போட்டுவிட்டோம். பல்லி சொல்லுக்கும் பூனை குறுக்கிடுதலுக்கும் இன்று நம்மில் எவரும் வாசற்படியில் நின்று தயங்குவதில்லை. ஆயினும், துடிப்பைக் கொண்டு வருங்காலத்தைக் கணிக்கும் பழக்கம் நம்மை விட்டு முற்றிலும் அகன்றுவிட்டதா? அகலவில்லை, புதிய ஆடை உடுத்திக்கொண்டு நம் நடுவிலேயே அமர்ந்திருக்கிறது. இதனைத் தில்லியில் என் கண்முன் நிகழ்ந்த ஒன்றினால் உணர்ந்தேன்.

நண்பர் ஒருவர்; மத்திய அரசு அலுவலகமொன்றில் பணிபுரிபவர்; ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் மனைவி மக்களோடு வாழ்பவர்; வயது 40 நிரம்பாதவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை இரவில், படுக்கையில் கிடக்கும்போது இடக் கெண்டைக்காலில் ஏதோ துடிப்பதைக் கண்டார். தோலுக்கடியில் புழு நெளிவது போன்றிருந்ததாம். வலியில்லை. காலையிலும் நிற்கவில்லை. மூன்றாம் நாள், கைபேசியில் அதன் காரணத்தைத் தேடினார். தசைகள் துடித்து, மெலிந்து, கை கால்கள் செயலிழந்து, முடிவில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும் இயக்க நரம்பணு நோய் ஒன்று உண்டென்பதை அங்கே படித்தார். அன்றிரவு அவர் உறங்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை பரிதாபத்துக்குரியவை. விடியற்காலையில் கண்ணாடி முன் நின்று இரு தொடைகளையும் ஒப்பிடுவார். மனைவியின் தையற்பெட்டியிலிருந்த அளவு நாடாவை எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றி அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதுவார். மாடிப்படியில் நுனிக்காலில் ஏறிப் பார்ப்பார். நீர் நிறைந்த வாளியை இரண்டு விரல்களால் தூக்கிப் பார்ப்பார். என்னைக் கண்டவுடன் கையை நீட்டி, "அண்ணா, கட்டைவிரலடியில் இந்த இடம் குழிந்திருக்கிறதா, சற்றுத் தொட்டுப் பாருங்கள்" என்பார். நான் இல்லையென்றால் முகம் மலரும். அம்மலர்ச்சி அரை மணி நேரம் நில்லாது. அழுத்தி அழுத்திப் பார்த்ததனால் காலில் வலி கண்டது; அவ்வலியும் நோய்க்குச் சான்றாயிற்று. நரம்பியல் மருத்துவர் சோதித்தார். தசைக்குள் ஊசி செலுத்தி மின்னோட்டம் பதியும் சோதனையும் நடந்தது. யாவும் சீராக உள்ளன என்று எழுதித் தந்தார். அந்தத் தாள் அவருக்கு 11 நாள் நிம்மதி அளித்தது. 12ஆம் நாள், "ஊசி குத்திய இடத்தில் நோய் இல்லாதிருக்கலாம், குத்தாத இடத்தில் இருந்தால்?" என்ற ஐயம் எழுந்தது. வேறொரு மருத்துவரை நாடினார்.

முதலில் மருத்துவத்தின் பக்கத்தைச் சிறிது பார்ப்போம். ஒரு நரம்பணுவின் ஆளுகைக்குட்பட்ட சிறு தசையிழைக் கற்றை, கட்டளையின்றித் தானே சுருங்குவதே இத்துடிப்பு. உடல்நலம் உடையோர்க்கும் கண்ணிமையிலும் கெண்டைக்காலிலும் இது மிகச் சாதாரணமாக வருவது. உறக்கக் குறைவு, கடும் உழைப்பு, மிகுதியாகப் பருகும் காப்பி, மனக்கலக்கம் ஆகியன இதனைப் பெருக்கும். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார், வேறு கோளாறின்றித் துடிப்பு மட்டுமே கொண்டிருந்த 121 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1993இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவருக்கும் அக்கொடிய நோய் வரவில்லை. அந்நோய் உண்மையில் பற்றியவர் பெரும்பாலும் துடிப்பைச் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவதில்லை. சட்டைப் பொத்தானைப் போட இயலவில்லை, பூட்டில் சாவி திரும்பவில்லை, நடக்கையில் கால் நுனி தரையில் இடறுகிறது, பேச்சுக் குழறுகிறது, விழுங்குகையில் புரையேறுகிறது என்றே வருகின்றனர். இத்தகைய செயலிழப்பைக் காண்போர் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரைக் காண வேண்டும். என் நண்பரோ வாளியைத் தூக்கினார், நுனிக்காலில் மாடி ஏறினார். தம்மிடம் வலிமை குன்றவில்லை என்பதை நாள்தோறும் தாமே மெய்ப்பித்துக்கொண்டு, அந்த மெய்ப்பை மட்டும் நம்ப மறுத்தார். இரு கால்களும் ஒரே அளவாக எவருக்கும் அமைவதில்லை. அளவு நாடாவைக் கையிலெடுத்தவனுக்குக் குறை தென்படாமல் போவதுமில்லை.

இங்கேதான் நம்மைப் போன்றோர் நின்று சிந்திக்க வேண்டிய வினா எழுகிறது. மந்திரித்த கயிற்றை அறுத்தெறிந்தவர் அவர். பரிகாரம், தோஷம் என்று எவரேனும் பேசினால் நகைப்பவர். ஆனால் அவர் சட்டைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்த சோதனைத் தாளுக்கும் தாயத்துக்கும் என்ன வேற்றுமை? சோதனை மெய்யானது, தாயத்து பொய்யானது என்பீர்கள். உண்மை. ஒரு முறை செய்த சோதனை அறிவு. எனக்கு ஒருபோதும் எத்தீங்கும் நேராது என்று அத்தாள் உறுதி கூற வேண்டுமென வேண்டி, ஐந்தாம் முறையும் அதனிடம் செல்வது வழிபாடு. நாளை எது நேரும் என்பதற்கு முத்திரையிட்ட உறுதிப் பத்திரம் அளிக்கும் ஆற்றல் மருத்துவத்துக்கு இல்லை. அப்படி அளிப்பதாக அது சொல்லிக்கொள்வதுமில்லை. கொடுக்க இயலாததைக் கேட்பவன் வெறுங்கையோடு திரும்புவதில் வியப்பென்ன?

நண்பர் ஒரு நாள் என்னிடம் வாதிட்டார். "உடலை இடையறாது நோக்கு என்பதுதானே பகவன் கற்பித்த வழி? நானும் காலை முதல் இரவு வரை உடலைத்தான் நோக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் அமைதி வரவில்லை?" என்றார். சிரிப்பதற்குரிய கேள்வியன்று. எனக்கு உடனே விடை தெரியவில்லை.

நாம் வாழும் இத்தில்லியே பண்டைக் குரு நாட்டின் பகுதி என்பது மரபு. ஸதிபட்டான உபதேசம் குரு நாட்டின் கம்மாஸதம்மம் என்னும் ஊரில் அருளப்பட்டதாகப் பிடகம் கூறுகிறது. ஆழ்ந்த உபதேசத்தை அங்கே அருளியது எதனாலெனின், அந்நாட்டின் தட்பவெப்பமும் உணவும் நல்லனவாதலால் மக்கள் உடலும் மனமும் நலம் பெற்றிருந்தனர் என்று உரையாசிரியர் காரணம் காட்டுகிறார். பணிப்பெண்டிர்கூட நீர்த்துறையிலும் நூல் நூற்குமிடத்திலும் அதைப் பற்றியே பேசிக்கொண்டார்களாம். கார்த்திகை மாதத்துப் புகையில் கண்ணெரிந்து இருமிக்கொண்டே இவ்வுரையைப் படிக்கும் இன்றைய தில்லிவாசிக்கு, அந்தக் காற்று எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். அது நிற்க.

அவ்வுபதேசத்தில் உடலின் பகுதிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. தசையும் நரம்பும் அவ்வரிசையில் உண்டு. அங்கே ஓர் உவமை வருகிறது. இருபுறமும் வாயுள்ள ஒரு பையில் பலவகைத் தானியங்கள் நிறைந்துள்ளன. கண்ணுடைய ஒருவன் அதனை அவிழ்த்து, இது நெல், இது பயறு, இது எள் என்று கண்டுகொள்கிறான். அவ்வளவே அவன் வேலை. எள் ஏன் குறைந்தது என்று அவன் அழுவதில்லை. பயறு நாளை புழுத்துவிடுமோ என்று எண்ணிப் பையை இரவெல்லாம் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்ப்பதுமில்லை. என் நண்பர் பையைத் திறந்தது தானியத்தைக் காண்பதற்காகவன்று, புழுவைக் காண்பதற்காக. சோதிடன் கட்டத்தை நோக்குவது போல் அவர் காலை நோக்கினார். துடிப்பைத் துடிப்பாகக் காணாமல், அது தமக்கு விடுக்கப்பட்ட ஒரு செய்தி என்று கொண்டு அதன் பொருளைத் தேடினார். பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கம் செய்ததும் இதுவே.

வேதனையுற்றவனை இரண்டு அம்புகள் தைக்கின்றன. முதலாவது உடலில், இரண்டாவது மனத்தில் என்ற போதனையை நம் வாசகர் அறிவர். நண்பரின் நிலையை ஆராயுங்கால் ஒரு விந்தை புலப்படுகிறது. அவரது துடிப்பில் வலியே இல்லை. முதல் அம்பு இன்னும் எய்யப்படவே இல்லை. இரண்டாவது மட்டும் மாதக்கணக்கில் தைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு விடை கிடைத்தது விநயத்தின் ஒரு பகுதியில். வயிற்றுக்கடுப்பால் தன் மலசலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவனைப் பகவனும் ஆனந்தரும் தம் கைகளால் கழுவிப் படுக்கையில் கிடத்திய வரலாறு பலரும் அறிந்தது. அதனையடுத்து, பணிவிடை செய்தற்கு எளிய நோயாளியின் இயல்புகள் கூறப்படுகின்றன. தனக்கு ஏற்றதைச் செய்தல், அதிலும் அளவறிதல், மருந்துண்ணல், வலியைப் பொறுத்தல் ஆகியவற்றோடு இன்னொன்றும் அங்கே உண்டு: நோய் மிகுந்தால் மிகுந்ததென்றும், குறைந்தால் குறைந்ததென்றும், நின்றபடி நின்றால் அப்படியே நிற்கிறதென்றும் உள்ளதை உள்ளவாறு உரைத்தல். இவ்வளவு எளிதாகத் தோன்றும் இவ்வொழுக்கம் எத்துணை அரியது! நம்மில் சிலர் மிகுந்ததைக் குறைந்ததென்று மறைத்து, காலங்கடந்து மருத்துவமனைக்குச் செல்கின்றனர். அஞ்சுவோர் நின்றதை மிகுந்ததென்கின்றனர். இரண்டும் பொய்யுரைத்தலின் பாற்பட்டவையே என்று சொல்லத் துணிவேன். ஆனால் அஞ்சுகிறவன் தானே நம்பிச் சொல்லும் பொய் அது. ஆகவே அவனைக் கடிந்துரைப்பதில் பயனில்லை.

கடிந்துரைத்தல் மட்டுமன்று, நல்லுரையும் காலமறியாது சொன்னால் தீங்கு செய்கிறது. நானும் அப்பிழை செய்தவனே. தொடக்க நாட்களில், "உடல் அநித்தியமென்று அறிந்த நீர் இதற்கு அஞ்சலாமா?" என்று அவரிடம் கூறினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்றார். அன்றிரவு தம் மக்கள் உறங்குவதைப் பார்த்தபடி விடியும் வரை அமர்ந்திருந்தார் என்று அவர் மனைவி பின்னர் கூறினார். உண்மையைச் சொன்னேன் என்று நான் எண்ணியிருந்தேன். நான் சொன்னது அவருக்குத் தண்டனைத் தீர்ப்பாகக் கேட்டது. தம் உயிரைவிடத் தம் மக்களின் பள்ளிக் கட்டணத்தை எண்ணியே அவர் நடுங்கினார் என்பதை அதுவரை நான் கேட்டறியவில்லை.

அந்நோய் உண்மையிலேயே பற்றிய ஒருவர் இந்நகருக்கு வந்ததுண்டு. இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 2001ஆம் ஆண்டு ஜனவரியில் தில்லி வந்தார். 1963இல், 21ஆம் வயதில் நோய் கண்டறியப்பட்டு, 2018 வரை வாழ்ந்தவர் அவர். இத்தகைய நீள்வாழ்வு அந்நோயில் மிக அரிது என்பதையும் மறைக்கலாகாது. அவர் காண விரும்பியதால் குதுப் மினாரில் சக்கர நாற்காலி செல்வதற்கான சாய்தளம் அமைக்கப்பட்டது. என் நண்பர் அப்படத்தில் நாற்காலியை மட்டும் கண்டார். அதில் அமர்ந்திருந்தவர் மினாரைக் காண விரும்பினார் என்பது நெடுநாள் அவர் கண்ணில் படவில்லை.

அண்ணல் அம்பேத்கரின் இறுதி ஆண்டுகளும் தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் இலக்க இல்லத்தில் கழிந்தவையே. நீரிழிவும் நரம்பு வலியும் அவரை வாட்டின. நோயில்லை என்று அவர் மறைக்கவுமில்லை, மருந்தை மறுக்கவுமில்லை. 1956 டிசம்பர் 6ஆம் நாள் உறக்கத்தில் மறைவதற்கு முன், 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். நூல் 1957இல் வெளிவந்தது. இத்தகைய பெரியோரைக் காட்டி அஞ்சுவோரை நாணச் செய்வது என் நோக்கமன்று. உடல் வருந்தும்போதும் நாளின் நடுவில் அதனை அமர்த்தாமல் ஓர் ஓரத்தில் அமர்த்த இயலும் என்பதற்கு மட்டுமே இதனைக் குறிப்பிட்டேன்.

நண்பர் மீண்ட கதை வீரச்செயலன்று. சிறு சிறு உடன்பாடுகளால் ஆனது. மனநல மருத்துவரிடம் செல்ல முதலில் நாணினார். தம்மம் கற்றவனுக்கு இது எதற்கு என்றார். உடல் நோய்க்குப் பிக்குகள் மருந்துண்ணலாமெனில் மன நோய்க்கு உண்ணலாகாதோ என்று கேட்டேன். அம்மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் கூடிச் சில கட்டுப்பாடுகள் விதித்தனர். மருத்துவர் ஒருவரே, ஆறு மாதத்துக்கு ஒரு முறையே, இடையில் கை கால் செயலில் குறை கண்டால் மட்டும் முன்னதாக வரலாம். அளவு நாடா தையற்பெட்டிக்குத் திரும்பியது. மனைவியும் நானும் "குழியில்லை" என்று சொல்வதை நிறுத்தினோம். அது எங்களுக்கே கடினமாக இருந்தது. ஒரு சொல்லால் தணியும் துயரத்தைத் தணிக்காமலிருப்பது கொடுமைபோல் தோன்றிற்று. அச்சம் எழுகையில் 'அச்சம் எழுந்துள்ளது' என்று அறிந்துகொண்டு, கையிலுள்ள வேலையைத் தொடரப் பழகினார். இரண்டு வாரங்கள் கழித்து, "அறிந்துகொண்டேன் அண்ணா, ஆனால் அச்சம் போகவில்லையே" என்றார். போக்குவதற்காக அறிவதும் மந்திரம் செபிப்பதே என்பது எங்கள் இருவருக்கும் அன்று விளங்கிற்று. போகாவிட்டால் இருக்கட்டும் என்று விட்டபிறகே அது வருவது குறைந்தது. முற்றும் நின்றதென்று சொல்லேன்.

சென்ற டிசம்பர் 6ஆம் நாள் அவர் குடும்பத்தாரோடு அலிப்பூர் சாலை நினைவகத்துக்குச் சென்றிருந்தேன். 2018இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் முன் வரிசை நீண்டிருந்தது, குளிர் கடுமை. இளைய மகளைத் தோளில் சுமந்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்ற நண்பர், வரிசை நகருகையில் என் பக்கம் திரும்பி, "கால் துடிக்கிறது, அண்ணா. நேற்றுப் போலவே இருக்கிறது" என்றார். நான் தலையசைத்தேன். மகளை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாற்றிக்கொண்டு, நண்பகல் உணவுக்கு எங்கே செல்லலாம் என்று தம் மனைவியைக் கேட்கத் தொடங்கினார்.