நாக்கு யாருடையது?

'விஸ்கியா, ரம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். நம்மூரில் பதில் ஒரு வார்த்தையில் வராது. கூடவே ஒரு பிரசங்கம் வரும். விஸ்கி ஆசாமி, 'ரம்மெல்லாம் லாரி டிரைவர் ஐட்டம் சார்' என்பார். ரம் ஆசாமி, 'விஸ்கி குடிக்கிறவன் நாலு பேர் பார்க்கணும்னு குடிக்கிறான். நான் எனக்காகக் குடிக்கிறேன்' என்பார். பிராந்தி ஆசாமி 'உடம்புக்கு நல்லது' என்று மருத்துவக் காரணம் சொல்வார். வோட்கா ஆசாமி 'வீட்டுக்குப் போனா வாசனை வராது' என்று குடும்பக் காரணம் சொல்வார்.

இட்லியா, தோசையா என்று கேட்டால் யாரும் இப்படி வாதாடுவதில்லை. 'எனக்கு தோசை' என்றால் முடிந்தது. மதுவில் மட்டும் விருப்பம் என்பது தகுதியாகி, அந்தஸ்தாகி, கடைசியில் ஒழுக்கமாகவே ஆகிவிடுகிறது. சிங்கிள் மால்ட்டை மோந்து பார்த்து, கண்ணாடிக் குடுவையைச் சுழற்றி, மெல்ல உறிஞ்சுகிறவர் ரசிகர். குவார்ட்டரையும் தண்ணீர் பாக்கெட்டையும் பிளாஸ்டிக் கப்பில் கலந்து ஒரே மூச்சில் கவிழ்ப்பவர் குடிகாரர். இருவருக்கும் உள்ளே போவது எத்தனால் என்கிற ஒரே சாமான்தான். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

ஆகவே இரண்டு கேள்விகள். ஒரு நாக்கு இன்னொரு நாக்கைவிட உயர்ந்ததா? நம்முடைய நாக்கு உண்மையிலேயே நம்முடையதுதானா?

முதல் கேள்வியைப் பெரிய ஆட்களே கையில் எடுத்திருக்கிறார்கள். டேவிட் ஹியூம் என்கிற ஸ்காட்லாந்துத் தத்துவவாதி 1757-ல் ரசனைக்கு அளவுகோல் உண்டா என்று ஒரு கட்டுரை எழுதினார். (ஸ்காட்லாந்துக்காரர் எழுதியது பொருத்தம்தான்!) அதில் 'டான் கிஹாத்தே' நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துக் காட்டுகிறார். ஒரு பீப்பாய் ஒயின். சுவைத்துச் சொல்ல இரண்டு பேர். ஒருவர் 'நல்ல ஒயின், ஆனா லேசா தோல் வாடை அடிக்குது' என்கிறார். இன்னொருவர் 'நல்ல ஒயின், ஆனா இரும்பு ருசி தட்டுது' என்கிறார். ஊரே சிரிக்கிறது. பீப்பாயைக் காலி செய்து பார்த்தால் அடியில் தோல்வாரில் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது.

ஹியூம் சொல்ல வருவது: நாக்கைப் பழக்கலாம். பழகிய நாக்கு, பழகாத நாக்குக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கும். அது பொய் இல்லை.

அவருக்குப் பிறகு ஜெர்மனியில் இமானுவேல் கான்ட் 1790-ல் வேறு மாதிரி சொன்னார். கேனரித் தீவு ஒயின் இனிமையானது என்று ஒருத்தர் சொன்னால், 'எனக்கு இனிமையானது' என்று அவரைத் திருத்த வேண்டும் என்றார். அவரவர் நாக்கு அவரவர்க்கு. நாக்கு விஷயத்தில் ஊருக்கெல்லாம் சட்டம் போட முடியாது.

இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ருசியைக் கண்டுபிடிப்பது திறமை. அதை விரும்புவது திறமை இல்லை. இரும்பு ருசியைக் கண்டுபிடித்தவரை மெச்சலாம். அந்த இரும்பு ருசியே எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவரைத் தாழ்வாகப் பார்க்க ஒன்றுமில்லை.

ஆனால் சாவி பீப்பாய்க்குள் இல்லாமல் லேபிளில் இருந்தால்?

2001-ல் பிரான்ஸில் ஒரு வேடிக்கை செய்தார்கள். வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் பற்றியே படிக்கிற 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய வர்ணனைகளை மளமளவென்று எழுதித் தள்ளினார்கள். மோந்தது மூக்கு, தீர்ப்புச் சொன்னது கண். 2008-ல் அமெரிக்காவில் இன்னொரு ஆராய்ச்சி. ஒரே ஒயினை '10 டாலர்' என்றும் '90 டாலர்' என்றும் சொல்லிக் கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 90 டாலர் என்றதும் மூளையில் சந்தோஷத்தோடு சம்பந்தப்பட்ட பகுதி கூடுதலாக வேலை செய்தது. இது முக்கியம். அவர்கள் ஜம்பத்துக்காகப் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ருசித்திருக்கிறது. விலையே ருசியாகிவிட்டது.

நம்மூர்க் கதை இதைவிட சுவாரஸ்யம். ஐரோப்பிய யூனியன் சட்டப்படி விஸ்கி என்றால் தானியத்தில் காய்ச்சி வடித்து, மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் ஊறியிருக்க வேண்டும். இங்கே மலிவு ரகத்திலும் நடுத்தர ரகத்திலும் பெரும்பாலும் அடிப்படைச் சரக்கு, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடிக்கிற எரிசாராயம்தான். கொஞ்சம் மால்ட்டோ எசென்ஸோ சேர்த்து, கேரமல் நிறம் கொடுத்தால் விஸ்கி. திராட்சை வாசனை காட்டினால் பிராந்தி. மொலாசஸில் செய்தாலும் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமில்லாதது ரம் ஒன்றுதான். 'இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மது' என்று இதற்கு ஒரு சர்க்கார் பெயர் வேறு. அந்தப் பெயரைச் சூட்டியவர் அப்போது என்ன குடித்திருந்தாரோ!

ஆக, பார் மேஜையில் காலரைப் பிடித்துக்கொள்ளும் விஸ்கி ஆசாமியும் ரம் ஆசாமியும் பல நேரம் ஒரே கரும்பின் வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகளுக்காகத்தான் சண்டை போடுகிறார்கள்.

உடனே 'எல்லாமே ஏமாற்று' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பார்லியில் முறையாகச் செய்த இந்தியச் சரக்கும் உண்டு. பெங்களூரு 'அம்ருத்' தன் சிங்கிள் மால்ட்டை 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தது. திருநெல்வேலியில் அல்வாக்கடை போடுகிற துணிச்சல் அது. ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவிகிதம் ஆவியாகும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று அங்கே செல்லப் பெயர். பெங்களூரு வெயிலில் அது 10 சதவிகிதத்தைத் தாண்டும். நம்மூர் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். சரக்கும் அங்கே சீக்கிரம் முதிர்ந்துவிடுகிறது. இந்த வித்தியாசமெல்லாம் நிஜம். பழகிய நாக்குக்குத் தெரியும்.

விஸ்கிக்கு அந்த அந்தஸ்து எப்படி வந்தது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கனவான்கள் குடித்தது பிரெஞ்சு பிராந்தி. 1860-களிலிருந்து ஃபைலாக்ஸெரா என்கிற சின்னப் பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு தின்று தீர்த்தது. பிராந்தி தட்டுப்பாடு. காலியான கோப்பையில் ஸ்காட்ச் வந்து உட்கார்ந்தது. கனவான்கள் குடித்ததால் கனவான் பானம் ஆனது. அவர்களோடு நம் நாட்டு கிளப்புகளில் நுழைந்து, சாகிப் போன பிறகும் சாகிபின் டம்ளர் நம் கையில் தங்கிவிட்டது.

ரம்முக்கு வேறு ஜாதகம். பிரிட்டிஷ் கப்பற்படையில் மாலுமிகளுக்குத் தினப்படி ரேஷனாக ரம் ஊற்றினார்கள். 1970 ஜூலை 31 வரைக்கும் அது நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பு, கப்பலில் கூலிக்காரர்களின் பானம். நம் ஊரிலும் மிலிட்டரி கேன்டீன் கோட்டாதான் ரம்மைத் தெருவுக்குத் தெரு அறிமுகப்படுத்தியது. இன்றைக்கு 'எனக்கு ரம்தான் பிடிக்கும்' என்று ஒருவர் சொல்லும்போது, அதில் ஒரு மாமாவின் டிரங்குப் பெட்டி வாசனையும் இருக்கலாம்.

நாம் அந்தக் காலத்திலேயே சளைத்தவர்கள் இல்லை. யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் அருந்துவதைப் புறநானூற்றுப் புலவர் பெருமையாகவே பாடியிருக்கிறார். ஃபாரின் சரக்கு மோகத்துக்கு வயது இரண்டாயிரம்.

நான் பி.காம். படித்தபோது எகனாமிக்ஸ் வகுப்பில் ஒரு தத்துவம் சொல்லிக்கொடுத்தார்கள். பால் சாமுவேல்சன் 1938-ல் முன்வைத்தது. ஒருவன் மனதில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டாம். எதை வாங்குகிறானோ அதுதான் அவன் விருப்பம். பரீட்சைக்கு அழகாக எழுதி மார்க்கும் வாங்கினேன். இப்போது யோசித்தால் அந்தத் தத்துவம் டாஸ்மாக் வாசலில் நிற்கத் தடுமாறுகிறது. 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கையில். கடையில் என்ன பிராண்ட் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். 'அண்ணே, ஒரு குவார்ட்டர்' என்று பெயரே சொல்லாமல் பணம் நீட்டுகிறவர் வாங்குவதிலிருந்து என்ன தெரிகிறது? அவருடைய பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிகிறது. அவருக்கு எது பிடிக்கும் என்பது தெரியவே தெரியாது. அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றாடக் கூலி ஜனங்கள். 'ஏன் அதைப் போய்க் குடிச்சாங்க?' என்று ஏ.சி. அறைகளில் கேட்டார்கள். விலை குறைவு, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது. அவ்வளவுதான். மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் நாக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. எந்த வித்தியாசத்தில் உயிர் இருக்கிறதோ, அந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியாது.

கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது என்றேன். ஆனால் அதற்கும் ஒரு சாய்ஸ் உண்டு. இரண்டும் சேர்ந்து வந்தால் கல்லீரல் எத்தனாலைத்தான் முதலில் கவனிக்கும். மெத்தனால் விஷமேறியவருக்கு டாக்டர்கள் சில சமயம் எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பது அதனால்தான். கல்லீரல் எத்தனாலில் மும்முரமாக இருக்க, மெத்தனால் கண்ணைப் பறிக்கும் ஃபார்மிக் அமிலமாக மாறாமல் மெல்ல வெளியேறிவிடும். 'எனக்கு இது வேண்டும், அது வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உயிர் காக்கிற உரிமையாகவும் இருக்கிறது. அது கையில் காசு உள்ளவனுக்கு மட்டும் கிடைப்பது நியாயமா? சிங்கிள் மால்ட்காரரை ரசிகர் என்றும் பாக்கெட் சாராயக்காரரைக் குடிகாரர் என்றும் பிரிக்கும்போது நாம் அளப்பது ரசனையை இல்லை, வருமானத்தை.

'அப்ப எது நல்லதுங்க?' என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டது. பிராந்தி நண்பர் மன்னிக்க வேண்டும். உடம்பின் கணக்கில் எல்லா பாட்டிலும் ஒரே ஜாதி. எனக்கென்று கேட்டால், குளிர்காலத்தில் வெந்நீர் கலந்த ரம். காரணம்? காலேஜ் நாட்களில் கைக்கு எட்டியது அதுதான். அதற்குமேல் அதில் தத்துவம் இல்லை.

நாக்கைப் பழக்கியது பூச்சியும் கப்பலும் கேன்டீனும் விலைச்சீட்டும் என்று தெரிந்த பிறகும் அதன் ருசி குறையவில்லை. தாய்மொழியைக்கூட நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் அது நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா? வந்த வழி தெரிந்தால் கர்வம்தான் போகும். விருப்பத்தை வைத்துக்கொள்ளலாம், கர்வத்தை வாசலிலேயே விட்டுவிடலாம்.

ஒன்று பாக்கி. விஸ்கி, ரம், பிராந்தி என்று எதைச் சொன்னாலும் மதிக்கிற நம் பார்ட்டிகளில் மதிப்பே இல்லாத விருப்பம் ஒன்று உண்டு. அது 'எனக்கு வேண்டாங்க'. சொன்னவுடனே நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். 'ஒரு பெக்ல என்னப்பா ஆயிடப் போவுது', 'எங்களுக்காக ஒரு சிப்', 'வீட்டுல பயமா?' சுதந்திரம் பேசியவரும் 'அவனவன் நாக்கு அவனவனுக்கு' என்றவரும் அந்தக் கும்பலில் இருப்பார்கள். மற்ற எல்லா விருப்பமும் விளம்பரம், விலை, பழக்கம் என்று எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. இத்தனை பேர் தள்ளியும் நகராமல் நிற்கிறதே, அந்த 'வேண்டாம்' கொஞ்சமாவது அவருடைய சொந்தச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த பார்ட்டியில் அப்படி ஒருவர் சொன்னால் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்துவிட்டு, பேச்சை மாற்றுங்கள்.