அழைப்பைக் கேட்கும் உள்ளம்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக! தக்வாவைக் கொண்டு எனக்கும் உங்களுக்கும் உபதேசம் செய்தவனாகத் தொடங்குகிறேன்.

நமக்குள்ளேயே இருக்கும் அத்தாட்சிகளைச் சிந்திக்கும்படி குர்ஆன் நம்மை அழைக்கிறது. அவற்றில் ஒன்றை இன்று பார்ப்போம்.

நாம் உண்ணும் சோறு செரித்து, சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசைச் செல்லின் மேற்பரப்பில் இன்சுலினுக்கென்றே ஏற்பிகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். இரத்தத்தில் எத்தனையோ பொருட்கள் ஓடினாலும், அந்த ஏற்பி தனக்குரிய செய்தியை அடையாளம் கண்டுகொள்கிறது. இன்சுலின் வாசலில் வந்து சொல்கிறது; ஏற்பி அதை உள்ளே கடத்துகிறது. அதுவரை செல்லுக்குள் ஒதுங்கியிருந்த சர்க்கரை வாயில்கள் மேற்பரப்புக்கு வருகின்றன. சர்க்கரை உள்ளே செல்கிறது. சுப்ஹானல்லாஹ்!

இந்த ஏற்பாடு இரண்டு விதமாகக் கெடலாம். முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினே ஏறத்தாழ இல்லாமல் போகிறது. 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலினைப் பிரித்தெடுக்கும்வரை, அந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைக்க வழியில்லாமல் இருந்தது.

இரண்டாம் வகை வேறு. அதன் தொடக்கத்தில் பலருக்கு இன்சுலின் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். செல்தான் செவிசாய்ப்பதில்லை. பரம்பரை, உடல் எடை, அசைவில்லாத வாழ்க்கை எனக் காரணங்கள் பல. இன்சுலின் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், செல் தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக் குறைத்துக்கொள்வதும் உண்டு. இரத்தம் நிறையச் சர்க்கரை இருக்கும். செல்லோ பட்டினி கிடக்கும்.

நோயாளியைப் பாவி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நோய் ஒரு சோதனை. பொறுமைக்கு நற்கூலி உண்டு. மருந்தையும் விட்டுவிடாதீர்கள். நான் கேட்பது நம் உள்ளத்தைப் பற்றி.

சகோதரரே! உங்களுக்கு மார்க்கத்தின் செய்தி வராமலா இருக்கிறது? ஐந்து வேளை பாங்கு கேட்கிறது. வாரந்தோறும் குத்பா கேட்கிறீர்கள். கைப்பேசி நிறைய பயான்கள். ஒன்றைக் கேட்டு முடிக்கும் முன்பே நான்கு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் ஃபஜ்ருக்குப் படுக்கை மடங்குகிறதா? பேசாமல் இருக்கும் உடன்பிறந்தவரின் வீட்டு வாசலை மிதித்தோமா? சகோதரிக்குச் சேர வேண்டிய சொத்துப் பங்கு போய்ச் சேர்ந்ததா?

செய்தி வெள்ளமாய் ஓடுகிறது. உள்ளம் பட்டினி கிடக்கிறது. கேட்டோம் என்று சொல்லிக்கொண்டே கேளாதவர்களைப் போல் ஆகிவிட வேண்டாம் என்று சூரா அல்அன்ஃபாலின் 21ஆம் வசனம் எச்சரிப்பது இதைத்தான்.

அப்படியென்றால் இன்னும் பத்து பயான் கேட்பதா மருந்து? செல் செவிசாய்க்காதபோது கணையம் மேலும் மேலும் சுரந்து, காலப்போக்கில் களைத்துப்போகிறது. மருத்துவர் என்ன சொல்கிறார்? அளவாக உண்ணுங்கள், தினமும் நடங்கள் என்கிறார். தசை வேலை செய்யத் தொடங்கினால், செல் மீண்டும் இன்சுலினுக்குச் செவிகொடுக்கத் தொடங்குகிறது.

உள்ளமும் அமலால்தான் திறக்கும். பாவம் செய்யும்போது உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது, தவ்பா செய்து விலகினால் அது துடைக்கப்படுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். குறைவானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்றும் சொன்னார்கள்.

எனவே இந்த வாரம் புதிதாக எதையும் தேட வேண்டாம். ஏற்கெனவே கேட்டு, செய்யாமல் விட்ட ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜும்ஆவுக்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

யா அல்லாஹ்! உன் அழைப்பைக் கேட்டதும் அசையும் உள்ளத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபா அளிப்பாயாக! ஆமீன்.